வடிதுணியும் நால்வகைத் தானமும்



முன்னாளில் நம் தாய்மார் கிணற்றடிக்குச் செல்லும்போது குடத்துடன் ஒரு வடிதுணியையும் எடுத்துச் சென்றனர். கெட்டித் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் இட்டு, நீரை மெல்ல வார்ப்பர். வடித்து முடித்ததும் துணியை உதறமாட்டார்கள். வடித்த நீரையே அதன்மேல் ஊற்றி, அதில் தங்கிய சிற்றுயிர்களை அதே கிணற்றில் சேர்ப்பர். அவ்வாறு வடித்த நீரையும் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடங்கள், கடந்தால் மறுபடி வடிப்பர். சிராவகரின் மூலகுணங்கள் எட்டினை எண்ணும் முறைகளுள் ஒன்றில் நீர் வடித்துப் பருகுதலும் ஒரு குணமாக வைக்கப்பட்டுள்ளது.

இன்று குழாய் நீரும் புட்டி நீரும் வந்துவிட்டன. பல வீடுகளில் வடிதுணி நோன்பு நாள்களில் மட்டும் வெளிவரும் பொருளாயிற்று. அது பருகப்படும் உயிரைக் காப்பது என்று நாம் அறிவோம். பருகும் உயிரையும் அது காக்கும் என்பதை நான் ஒரு பள்ளியறையில்தான் கற்றேன்.

நரம்புச் சிலந்தி

ஆசிரியப் பயிற்சி முடித்து 1971-இல் நான் முதன்முதலாகப் பணியேற்றது ஒரு வறள்நிலச் சிற்றூரில். மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் பல வாரங்கள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டிற்குச் சென்று பார்த்தேன். அவன் கணுக்காலில் ஒரு புண். அதிலிருந்து வெண்ணூல் போன்ற புழு ஒன்று தலைகாட்டியது. அதனை ஒரு குச்சியில் சுற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டிருந்தார் அவன் பாட்டி. அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். அதுவே நரம்புச் சிலந்தி நோய். இளையோர் பலர் இப்பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள்.

இந்நோய் வரும் வழியைக் கூறுகின்றேன். புண்ணின் எரிச்சல் தாங்காமல் நோயாளி குளத்தில் இறங்கிக் காலை நனைக்கிறார். அப்போது புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடுகிறது. சைக்ளாப்ஸ் என்னும் மிகச் சிறிய நீர்ப்பூச்சி அவற்றை உண்கிறது. அந்நீரை வடிக்காமல் குடிப்பவர் உடலுள் அக்குஞ்சு வளர்ந்து, ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின் ஒரு மீட்டர் நீளம்வரை உள்ள புழுவாகத் தோலைத் துளைத்து வெளிவருகிறது. இதனைத் தீர்க்கும் மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஆயினும் ஒரு துணி போதும். சைக்ளாப்ஸ் துணியில் தங்கிவிடும்.

தமிழ்நாட்டில் 1980-களின் நடுப்பகுதிக்குள் இந்நோய் அகன்றது. இந்தியாவின் இறுதி நோயாளி 1996-இல் இராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோயற்ற நாடென அறிவித்தது. ஆனால் ஆப்பிரிக்க நாடுகளில் துன்பம் தொடர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் மட்டும் 1989-இல் ஏறத்தாழ 1,80,000 பேர் இந்நோயால் வருந்தினர்.

நான் எழுதிய கடிதம்

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள் என் தம்பி மகள். பட்டப்படிப்பு முடித்ததும், 2005-இல், 'பீஸ் கோர்' என்னும் அந்நாட்டுத் தொண்டர் அமைப்பில் சேர்ந்து கானாவின் வடபகுதிக்குச் செல்லப்போவதாக அறிவித்தாள். 1961-இல் அவ்வமைப்பு தொடங்கியபோது அதன் முதல் தொண்டர்கள் சென்று இறங்கியதும் கானாவில்தான், அவர்கள் ஆசிரியர்கள்.

ஆசிரியையாகிய நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழவில்லை. என் தம்பி கலங்கிப்போய் என்னைத் துணைக்கு அழைத்தான். நான் அவளுக்கு நீண்ட கடிதம் எழுதினேன். அங்கே புலால் இல்லா உணவு கிடைக்குமா, திருமண வயதில் இரண்டாண்டு வீணாகலாமா என்றெல்லாம் வினவினேன். அத்துடன் நில்லாது, திசை விரதத்தையும் மேற்கோள் காட்டினேன். செல்லும் திசைகளுக்கு எல்லை வகுத்தலன்றோ சிராவகர் குணவிரதங்களுள் ஒன்று!

அவள் மறுமொழி இரண்டே வரி: "அத்தை, அப்பா பொருள் தேட அமெரிக்கா வந்தபோது திசை விரதத்தை யாரும் நினைவூட்டவில்லையே. நான் நீர் கொடுக்கப் போகும்போது மட்டும் ஏன்?"

அன்பர்களே, அவ்வினா என்னைச் சுட்டது. திசை விரதம் ஆசைக்கும் ஆரம்பத்திற்கும் இட்ட வேலி. எல்லைக்கு அப்பால் நம்மால் தீங்கு நேராதிருக்கவே அது வகுக்கப்பட்டது. விரதம் ஏற்றவர் அதனைக் காத்தல் கடமை. ஏற்காத ஒருவரின் கருணையைத் தடுக்க அதனைக் கருவியாக்கியது என் பிழை. அதனை இங்கே ஒப்புக்கொள்கின்றேன்.

குளக்கரையில் அறம்

மூன்று மாதம் அவ்வூர் மக்களின் இல்லத்தில் தங்கித் தக்பானி மொழி பயின்றாள். மக்காச்சோளக் களியும், காராமணியும், நிலக்கடலைக் குழம்புமே அவள் உணவாயின. பின்னர் ஒரு சிற்றூரில் வீடு வீடாகச் சென்று நைலான் வடிதுணி பயன்படுத்தும் முறையை அப்பெண்களுடன் இருந்து கற்பித்தாள். வயலுக்கும் மேய்ச்சலுக்கும் செல்வோர் கழுத்தில் தொங்கவிடும் குழல் வடிகட்டியும் வழங்கப்பட்டது.

துணி கொடுத்ததும் வேலை முடிந்ததென்று முதலில் எண்ணினாளாம். ஒரு வீட்டில் நாள் தவறாமல் வடித்தும் நோய் வந்தது. உடனிருந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. நேற்று மேலிருந்த பக்கம் இன்று கீழிருந்தது! துணியில் தங்கிய பூச்சிகள் குடத்துக்குள்ளேயே விழுந்தன. பொருளை ஒரு நாளில் கொடுத்துவிடலாம். பழக்கத்தைக் கொடுக்க உடன் வாழ வேண்டும்.

ஒரு நாள் அவளிடமிருந்து வந்த கடிதம் என்னை உறங்கவிடவில்லை. "அத்தை, பாட்டி வடிதுணியை அதே கிணற்றில் அலசுவார். இங்கே அப்படிச் செய்தால் நோய் குளத்துக்கே திரும்பும். ஆகவே வறண்ட மண்ணில் கொட்டச் சொல்கிறோம். சில குளங்களில் அப்பூச்சிகளைக் கொல்லும் மருந்தும் விடப்படுகிறது. நான் செய்வது அகிம்சையா?"

விடை எழுத எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்யோகம், விரோதம் என நால்வகையாகப் பகுப்பர். கொல்ல வேண்டுமென்று கருதிக் கொல்லும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். காத்தலின் பொருட்டு நேர்வதை முற்றும் விலக்க இயலாது. எனினும் அதுவும் ஹிம்சையே. "அதற்கு அகிம்சை என்று பெயர் சூட்டாதே. இயன்றமட்டும் குறை. மாலையில் பிரதிக்கிரமணம் செய்" என்று எழுதினேன். மேலும் ஒரு வினாவையும் எழுதினேன்: "இந்தச் சங்கிலியை எவ்வுயிரும் சாகாமல் அறுக்கும் இடம் எது?"

அவளே அதனைக் கண்டாள். புண்ணுடையவரின் கால் குளத்தில் படாதிருந்தால் புழுக்குஞ்சு நீரில் சேராது. பூச்சிக்கும் கேடில்லை, மனிதர்க்கும் கேடில்லை. ஆனால் எரியும் காலை நனைக்காதே என்று எவரிடம் சொல்வது? அவர் வீட்டுக்கு யார் நீர் கொணர்வது? அதனால் அவளும் அவ்வூர்ப் பெண்கள் சிலரும் விடியற்காலையில் குளக்கரையில் நின்றார்கள். நோயாளிகளுக்குத் தாமே நீர் மொண்டு கொடுத்தார்கள். வாளி நீரில் காலை நனைக்கச் செய்து, அந்நீரைக் குளத்துக்குத் தொலைவில் உலர்ந்த நிலத்தில் ஊற்றினார்கள். புண்ணுக்குக் கட்டும் இட்டார்கள்.

அன்னம், ஔடதம், சாத்திரம், அபயம் என்று நால்வகைத் தானத்தை நாம் நாவால் எண்ணுகிறோம். தாகத்திற்கு நீர் அன்ன தானம். புண்ணுக்குக் கட்டு ஔடத தானம். வடிக்கும் முறையைக் கற்பித்தல் சாத்திர தானம். நீரைக் கண்டு அஞ்சாமல் ஒரு தாய் தன் குழந்தைக்குப் புகட்டுதல் அபய தானம். நான்கும் ஒரு குளக்கரையில் கூடி நின்றதை அக்கடிதங்களில் கண்டேன்.

பயனும் பணிவும்

கானாவின் இறுதி நோயாளி 2010-ஆம் ஆண்டு மே மாதம் காணப்பட்டார். 2015-இல் அந்நாடு நோயற்றதென அறிவிக்கப்பட்டது. 1986-இல் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 35 இலட்சம் பேரை வருத்திய நோய், 2023-இல் 14 பேரை மட்டுமே பற்றியது. இன்னும் முற்றும் அகலவில்லை. சாடு நாட்டில் நாய்களிடமும் இப்புழு காணப்படுகிறது. அங்குள்ள மக்கள் நோயுற்ற நாய்களைக் குளத்தில் இறங்காதவாறு கட்டிவைத்துக் காக்கின்றனர். பிற உயிரின் நலம் நம் நலத்தோடு பிணைந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அவளைப் பாராட்டி எழுதினேன். "நான் இரண்டாண்டு நின்றேன், அத்தை. அப்பெண்கள் அதற்கு முன்பும் நின்றார்கள், பின்பும் நின்றார்கள்" என்று பதில் வந்தது. தானத்தை அரித்துத் தின்னும் மானமென்னும் கஷாயம் அவளிடம் ஒட்டவில்லை என்று மனம் நிறைந்தேன்.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ இத்தகைய தொண்டுக்குச் செல்ல விழைந்தால், என்னைப்போல் விரதத்தைக் காட்டி வழிமறிக்க வேண்டாம். எத்தனை நாள் தங்குவாய், அவர் மொழியைக் கற்பாயா, நீ திரும்பியபின் அப்பணியை யார் தொடர்வார் என்று கேளுங்கள். இரண்டு வாரம் சென்று படம் எடுத்துத் திரும்புவது சுற்றுலா. அதனைத் தானமென்று எண்ணி மயங்கலாகாது.

இளைஞர்களே! கடல் கடக்குமுன் உங்கள் வீட்டு வடிதுணியை ஒருமுறை கையில் எடுங்கள். பாட்டியிடம் அதன் காரணத்தைக் கேளுங்கள். நாளும் நீரை வடித்துப் பழகிய கை எங்குச் சென்றாலும் உயிரைக் காக்கும் கையாகவே இருக்கும்.

வாழ்க அறம்! வளர்க கொல்லாமை!