சல்லியன் சாப்பிட்ட விருந்து



"வல்லரசுங்க சண்டை போடுது, சரி. சம்பந்தமே இல்லாத நாடுங்க ஏன் போய் அதுல மாட்டிக்குது?" புக்கிட் மெர்தாஜாமில் நான் எடுக்கும் சமய வகுப்பில் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. இதற்கான பதில் மகாபாரதத்திலும் உண்டு, நம் மண்ணின் சரித்திரத்திலும் உண்டு.

முதலில் வல்லரசுகளைப் பார்ப்போம். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் ஒரு படிக்கட்டைக் காட்டுகிறார். ஒரு பொருளையே நினைத்துக்கொண்டிருந்தால் பற்று வரும். பற்று ஆசையாகும், ஆசை கோபமாகும், கோபம் மதியை மயக்கும். கடைசிப் படி அழிவு.

சீனாவோடு போரில் இருந்த ஜப்பானுக்கு எண்ணெய், ரப்பர், ஈயம் எல்லாமே வேண்டியிருந்தது. 1941 ஜூலையில் அதன் படை தென் இந்தோசீனாவுக்குள் நுழைந்தது. அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. ஆசை தடைபட்டது, கோபம் வந்தது. டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் படை இறங்கியது. 11ஆம் தேதி பினாங்கில் குண்டு விழுந்தது. சரி, வெள்ளைக்காரன் மட்டும் உத்தமனா? அவனும் ரப்பருக்கும் ஈயத்துக்கும்தான் இங்கே உட்கார்ந்திருந்தான். ஆபத்து வந்ததும் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகப் பினாங்கிலிருந்து கப்பலேற்றிவிட்டு, நம்ம ஆளுங்களை அப்படியே விட்டுட்டுப் போனான்.

இப்போது நடுநிலை நாட்டுக்கு வருவோம். சயாம் அப்போது நடுநிலை நாடு. அதே டிசம்பர் 8 அன்று ஜப்பான் படை அங்கேயும் இறங்கியது. சில மணி நேரச் சண்டைக்குப் பிறகு அரசு பணிந்தது. டிசம்பர் 21ஆம் தேதி பேங்காக்கின் மரகத புத்தர் ஆலயத்தில் ஜப்பானோடு கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தானது. கொல்லாமையைப் போதித்தவரின் சந்நிதியில் போருக்கு ஒப்பந்தம்! 1942 ஜனவரி 25ஆம் தேதி பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் சயாம் போர் அறிவித்தது.

முதலில் பயம், பிறகு ஆசை. 1909இல் பிரிட்டனிடம் விட்டுக்கொடுத்த கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு மாநிலங்களை 1943இல் ஜப்பான் சயாமிடம் ஒப்படைத்தது. நமக்குப் பக்கத்திலுள்ள கூலிம்கூட சயாமின் ஆட்சிக்குள் போனது. ஆனால் அந்த விருந்து எத்தனை நாளைக்கு? 1945இல் போர் முடிந்தது, நான்கு மாநிலங்களும் கைவிட்டுப் போயின.

மகாபாரதத்தில் சல்லியனுக்கு நடந்ததும் இதுதான். நகுல சகாதேவர்களின் தாய்மாமன் அவன். பாண்டவர்களுக்கு உதவத்தான் படையோடு கிளம்பினான். வழியெல்லாம் பந்தல், விருந்து, உபசாரம். தருமன்தான் செய்கிறான் என்று நினைத்து, "செய்தவனுக்கு என்ன வேண்டுமோ கேட்கட்டும்" என்றான். வந்து நின்றவன் துரியோதனன்! சாப்பிட்ட சோற்றுக்காக சொந்த மருமகன்களை எதிர்த்து நின்று, பதினெட்டாம் நாள் தருமன் கையால் மாண்டான்.

விருந்து ஒருவனுக்கு, பில் இன்னொருவனுக்கு. அந்தக் கூட்டணி நாட்டின் வழியாகத்தான் 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதை போடப்பட்டது. நம் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் எத்தனையோ பேர் காலராவிலும் பட்டினியிலும் அந்தக் காட்டிலேயே மடிந்தார்கள். அவர்கள் எந்த வல்லரசுக்கும் எதிரி இல்லை.

தம்பிகளே, இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? குண்டர் கும்பலும் இதே மாதிரிதான் ஆள் சேர்க்கிறது. முதல் நாளே யாரும் பாராங் கத்தியைக் கையில் கொடுப்பதில்லை. ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக், கைப்பேசிக்குக் காசு, ஓட்டிப் பார்க்க ஒரு மோட்டார் சைக்கிள், "உன்னை எவனாவது தொட்டா அண்ணன் இருக்கேன்" என்று ஒரு வார்த்தை. அதே பயம், அதே விருந்து. ஆறு மாதம் கழித்து, "அவனுங்களை அடிக்கணும், வாடா" என்று கூப்பிடும்போது சல்லியனைப் போல வாய் அடைத்துப்போகும். எதிரே நிற்பவன் உங்களோடு தேவாரம் படித்த பையனாகக்கூட இருக்கலாம்.

அப்படியானால் ஒதுங்கிப் போவதுதான் தர்மமா? பலராமர் எந்தப் பக்கமும் சேராமல் தீர்த்த யாத்திரை போனார். அது ஒரு வழி. அதைவிட மேலான வழியை நம் பினாங்கிலேயே ஒரு தமிழர் காட்டினார். வெள்ளைக்காரன் ஓடிய பிறகு, ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். எல்லா இனத்தாரையும் சேர்த்து சேவைக் குழு அமைத்து ஊரைக் காக்க முன்நின்றார். எந்தக் கொடிக்காகவும் அவர் சண்டை போடவில்லை, ஜனங்களுக்காக நின்றார்.

வாஷிங்டனில் இருந்த சயாம் தூதர் சேனி பிரமோஜும் தன் அரசின் போர் அறிவிப்பை அமெரிக்காவிடம் கொடுக்க மறுத்தார். கௌரவர் சபையில் விகர்ணன் எழுந்து நின்றது போல. நூறு பேரில் ஒருவன் "இது தப்பு" என்று சொன்னால்கூட, திரும்பி வர ஒரு வழி இருக்கும்.

யாராவது உங்களை ஒரு சண்டைக்குக் கூப்பிட்டால், இந்த விருந்துக்குக் காசு கொடுப்பது யார் என்று முதலில் கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டீர்களா? பரவாயில்லை, எழுந்து வாருங்கள். சோற்றுக் கடனைச் சோற்றால் அடைக்கலாம், உயிரால் அடைக்க வேண்டியதில்லை.

எல்லாம் வல்ல முருகப்பெருமான் உங்களுக்குத் தெளிந்த புத்தியும், வேண்டாம் என்று சொல்லும் துணிவும் அருள்வாராக.

ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி.