பார்ப்பவருக்குப் பங்கில்லையா?

ஒருவர் தம் உடலை அடிக்கும் காயத்துக்கும் தாமாகவே ஒப்புக்கொடுக்கிறார். அதற்கு ஊதியம் பெறுகிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் இடுகிறார். அவரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. அவ்வாறிருக்க, அக்காட்சியைக் கண்டு களிப்பவர்மீது குற்றம் ஏதேனும் உண்டா? 'அவர் விரும்பினார், அடிபட்டார். நாம் விரும்பினோம், பார்த்தோம். இதில் அறநெறிக்கு என்ன வேலை?' என வினவுவோர் நம்மிடையே பலர் உள்ளனர். தொலைக்காட்சி நம் இல்லங்களின் நடுக்கூடத்தை ஆட்கொண்டு, கைபேசி வழியே படுக்கையறைக்குள்ளும் நுழைந்துவிட்ட இக்காலத்தில், இவ்வினாவைத் தட்டிக்கழிக்க நம்மால் இயலாது. ஓர் உண்மை நிகழ்வின் துணைகொண்டு இதனைச் சிந்திப்போம்.

கிழக்கும் மேற்கும்

2005-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள், அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'தி கன்டென்டர்' என்னும் தொடர் தொடங்கியது. இதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் மார்க் பர்னெட். 'ராக்கி' திரைப்படத்தின் நாயகன் சில்வெஸ்டர் ஸ்டாலோனும், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சுகர் ரே லெனார்டும் இதனை நடத்தினர். நடுத்தர எடைப் பிரிவைச் சேர்ந்த 16 தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியினர் ஓர் அணி. மேற்குப் பகுதியினர் மற்றோர் அணி. அனைவரும் ஒரே கூரையின்கீழ் தங்கி, உண்டு, பயிற்சி பெற்றனர். இறுதியில் வெல்பவருக்கு 10 இலட்சம் டாலர் பரிசு.

அணிகளுக்கிடையே முதலில் உடல் வலிமையைச் சோதிக்கும் போட்டி ஒன்று நடைபெறும். அதில் வென்ற அணிக்கு ஓர் உரிமை கிடைக்கும். தம்மில் யார் மேடையேறுவது, எதிரணியில் யாரை எதிர்ப்பது என்பதை அவ்வணியே தீர்மானிக்கலாம். ஐந்து சுற்றுகள் கொண்ட சண்டையில் தோற்றவர் வெளியேறிவிட வேண்டும். இவ்வாறு எண்ணிக்கை குறையக் குறைய, நேற்றுவரை ஒருவர்க்கொருவர் தோள்கொடுத்தவர்களே எதிரெதிராக நிற்க வேண்டியதாயிற்று. அணி என்பது தொடக்கத்திற்கு மட்டுமே. இறுதியில் எஞ்சுபவர் ஒருவரே. 2005 மே 24 அன்று இலாஸ் வேகாசின் சீசர்ஸ் பேலஸ் அரங்கில் நிகழ்ந்த இறுதிப் போட்டியில், பீட்டர் மான்ஃப்ரெடோவை செர்ஜியோ மோரா வென்று பரிசைப் பெற்றார்.

இந்நிகழ்ச்சி விளையாட்டை மட்டும் காட்டவில்லை என்பதை நாம் கருத வேண்டும். மேடை ஏறுமுன் அவ்வீரரின் வறுமை, குடும்பப் பாரம், பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய ஏக்கம் ஆகியன காட்டப்படும். சண்டையின்போது ஒரு நொடி முகத்தில் விழும் குத்து. மறுநொடி மேடையருகே அமர்ந்திருக்கும் மனைவியின் கண்ணீர். சண்டையை வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, உணர்ச்சிக் காவியமாக்கி அளித்தனர். முன்பெல்லாம் குத்துச்சண்டை வீரர் தம் கைகளை விற்றார். இங்கே தம் கதையையும், தம் இல்லத்தாரின் அழுகையையும் சேர்த்து விற்க வேண்டியவரானார்.

ஓர் இளைஞனின் மரணம்

அந்த 16 பேருள் ஒருவர் ஃபிலடெல்பியா நகரைச் சேர்ந்த நஜாய் டர்ப்பின். அகவை 23. ஒரு பெண் குழந்தையின் தந்தை. பின்னர் பரிசு வென்ற மோராவிடமே தோற்று வெளியேறியவர். தொடர் ஒளிபரப்பாவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, 2005 பிப்ரவரி 14 அன்று, அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

எதனால் என்று அறுதியிட்டுச் சொல்ல நமக்கு உரிமையில்லை. மனித உள்ளத்தின் ஆழத்தை இறைவன் ஒருவரே அறிவார். தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டோரின் நிலைவாழ்வு குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. எனவே நிகழ்ச்சியே அவரைக் கொன்றது என நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஆயினும் ஒன்று உறுதி. தொடர் திட்டமிட்டபடியே ஒளிபரப்பாயிற்று. அவருடைய சண்டையும் காட்டப்பட்டது. அவர் நினைவு போற்றப்பட்டது. அவர் மகளுக்காக நிதியும் திரட்டப்பட்டது. இவை நல்லவையே. எனினும், இலட்சக்கணக்கான இல்லங்களில் அவர் மேடையேறியபோது, அவர் உயிரோடு இல்லை. ஒரு மனிதர் மறைந்த பின்னரும் அவருடைய போராட்டம் மாலை நேரப் பொழுதுபோக்காக நீடித்தது. இவ்விடத்தில் நம் மனச்சான்று சற்று நின்று சிந்திக்க வேண்டாமா?

இசைவு மட்டும் போதுமா?

'அவர்கள் வயது வந்தவர்கள். விரும்பியே வந்தார்கள்' என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை இல்லாமலில்லை. கட்டாயத்துக்கும் இசைவுக்கும் இடையே வேறுபாடு உண்டு. ஆனால் இசைவு ஒரு செயலை நியாயப்படுத்தப் போதுமானதா? நம் நாட்டிலேயே சான்று காண்போம். வறுமையுற்ற ஒருவர் தம் சிறுநீரகத்தை விற்க மனமார இசைந்தாலும், 1994-இல் இயற்றப்பட்ட உறுப்பு மாற்றுச் சட்டம் அவ்விற்பனையைத் தடைசெய்கிறது. காரணம் யாது? பசியோடு இருப்பவரின் 'ஆம்' முழுமையான 'ஆம்' அன்று என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது. மேலும், விற்கக்கூடிய பொருளாக மனித உடலைக் கருதுவது மனித மாண்புக்கே இழுக்கு என்பதையும் அது ஏற்றுக்கொள்கிறது. மானிடர் இறைச்சாயலாகப் படைக்கப்பட்டவர் என நம்பும் நாம் இதனை இன்னும் ஆழமாக உணர வேண்டியவர்கள் அல்லவா? உழைப்பவரை உரிமையும் பொறுப்பும் உள்ள மனிதராகக் கருதாமல் வெறும் இலாபக் கருவியாக நடத்துவதை, மனித வாழ்வைச் சிறுமைப்படுத்தும் கொடுமைகளுள் ஒன்றாக, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 27-ஆம் எண்ணில் வைத்துள்ளது.

'குத்துச்சண்டையும் ஒரு விளையாட்டுத்தானே. திருத்தூதர் பவுலே அதனை உவமையாகக் கையாளவில்லையா?' என்பது இரண்டாம் மறுப்பு. ஆம், கையாண்டார். காற்றைக் குத்துபவரைப் போன்று தாம் போராடவில்லை எனக் கொரிந்தியருக்கு எழுதினார். ஆனால் அவர் அங்கே அடக்கி ஒடுக்குவது தம் உடலையே. பிறர் உடலை அன்று. மற்ற விளையாட்டுகளில் காயம் எதிர்பாரா விபத்து. தொழில்முறைக் குத்துச்சண்டையிலோ, எதிரியின் மூளை அதிர்ந்து அவர் நினைவிழந்து வீழ்வதே வெற்றிக்குரிய நேரிய வழிகளுள் ஒன்று. நல்ல நோக்கம், செயலின் தன்மையை முற்றிலும் மாற்றிவிடாது என்பது அறநெறி இறையியலின் அரிச்சுவடி. தலையில் விழும் தொடர் குத்துகள் மூளைக்குக் கேடு விளைப்பதை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லாண்ட் 1928-இலேயே எழுதினார். அதே சீசர்ஸ் பேலஸ் வளாகத்தில் 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம், 14-ஆம் சுற்றில் வீழ்ந்து, சில நாள்களில் இறந்தார். அதன் பின்னரே பட்டப் போட்டிகளின் 15 சுற்றுகள் 12 ஆகக் குறைக்கப்பட்டன. 'தி கன்டென்டர்' ஒளிபரப்பான அதே 2005-ஆம் ஆண்டில், உரோமையில் இயேசு சபையினர் வெளியிடும் 'லா சிவில்தா கத்தோலிக்கா' இதழ், தொழில்முறைக் குத்துச்சண்டை அறநெறிக்கு முரணானது எனக் கடுமையாகக் கண்டித்தது.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் தெருவில் அலைந்த இளைஞர் பலருக்கு ஒழுங்கையும் தன்னடக்கத்தையும் கற்பித்துள்ளது. அத்தொடரில் வென்ற மோரா 2008-இல் உலகப் பட்டம் பெற்றார். அதில் தோற்ற ஈஷே ஸ்மித்தும் 2013-இல் உலகப் பட்டம் பெற்றார். அவர்களிடம் சென்று, 'நீங்கள் செய்தது தவறு' என நாற்காலியில் அமர்ந்தவாறு நாம் சொல்வது எளிது. 'எங்களுக்கு வேறு எந்தக் கதவைத் திறந்து வைத்தீர்கள்?' என அவர்கள் திருப்பிக் கேட்டால், விடையளிப்பது எளிதன்று. ஆகவே, மேடையில் நிற்பவரைத் தீர்ப்பிடுவதினும், இருக்கையில் அமர்ந்திருப்பவரை ஆராய்வதே முறை.

மூடிய கண்கள்

இருக்கையில் அமர்ந்திருப்பவரின் நிலையைப் புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் 6-ஆம் பாகத்தில் நுட்பமாக விளக்கியுள்ளார். அவருடைய நண்பர் அலிப்பியுஸ் சட்டம் பயில உரோமைக்குச் சென்றார். வாள்வீரர் மோதும் கொடிய காட்சிகளை அவர் வெறுத்தார். ஒருநாள் உடன்பயிலும் தோழர்கள் அவரை வலிந்து அரங்கிற்கு இழுத்துச் சென்றனர். 'உடலைத்தான் இழுத்துச் செல்ல முடியும், உள்ளத்தை முடியாது' என்னும் உறுதியோடு அவர் கண்களை இறுக மூடி அமர்ந்தார். ஆனால் ஒரு வீரன் வீழ்ந்தபோது மக்கள் எழுப்பிய பேரொலி அவர் செவிகளைத் தாக்கியது. ஆவல் மேலிடக் கண்களைத் திறந்தார். மேடையில் வீழ்ந்தவனுக்கு உடலில் ஏற்பட்ட காயத்தைவிடப் பெரிய காயம் அலிப்பியுசின் ஆன்மாவில் ஏற்பட்டது என அகுஸ்தினார் கருதுகிறார். அன்று வந்தவர் மீண்டும் மீண்டும் வந்தார். தாம் வந்ததோடு பிறரையும் அழைத்து வந்தார். பின்னாளில் மனந்திரும்பி தகாஸ்தே நகரின் ஆயராக உயர்ந்தவரும் இவரே.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அலிப்பியுஸ் யாரையும் அடிக்கவில்லை. ஆயினும் அவர் பார்வை அவரை மாற்றியது. அவரைப் போன்றோர் திரண்டதால்தான் அரங்கும் நிலைத்தது. வரலாற்றாசிரியர் தெயோடொரெத்து குறிப்பிடும் தெலெமாக்குஸ் என்னும் துறவி, வாள்வீரரை விலக்க அரங்கினுள் இறங்கினார். அவரைக் கல்லெறிந்து கொன்றவர்கள் வாள்வீரர்கள் அல்லர், பார்வையாளர்களே! தம் இன்பத்தைக் கெடுத்தவரை அவர்கள் பொறுக்கவில்லை.

அன்றைய அரங்கில் நுழைந்தோர் தம் ஆரவாரத்தால் பங்கேற்றனர். இன்று தொலைக்காட்சி முன் அமரும் நாம் நம் நேரத்தால் பங்கேற்கிறோம். விளம்பரதாரர் விலைகொடுத்து வாங்குவது வீரரின் குத்தை அன்று, நம் கண்களையே. ஆகையால், பிறர் செய்யும் தீமைக்கு ஒத்துழைத்தல் பற்றி அறநெறி இறையியல் கூறுவது இங்குப் பொருந்தும். தொலைவிலிருந்து செய்யும் ஒத்துழைப்பின் பொறுப்பு குறைவே. ஆனால் அது இல்லாமற் போவதில்லை. 1963-இல் வெளிவந்த சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய சங்க ஏடும், எதைப் பார்ப்பது, எதை விலக்குவது எனத் தேர்ந்துகொள்ளும் கடமை பார்ப்போருக்கும் கேட்போருக்கும் உண்டென வலியுறுத்துகிறது.

நம் இல்லக் கூடத்தில்

இது கடல்கடந்த நாட்டின் கதை என ஒதுக்கிவிடலாகாது. அதே மார்க் பர்னெட் அமெரிக்காவில் தயாரித்த 'சர்வைவர்' நிகழ்ச்சியின் தமிழ் வடிவம், 2021-இல் 'காடர்கள்', 'வேடர்கள்' என்னும் இரு அணிகளோடு நம் தொலைக்காட்சிக்கும் வந்தது. 2017 முதல் 'பிக் பாஸ்' தமிழில் ஒளிபரப்பாகிறது. இவற்றில் முகத்தில் குத்துவோர் இல்லைதான். ஆனால் ஒருவரைக் கூடி ஒதுக்குவதும், கடந்தகால வேதனையைப் படக்கருவிமுன் அவிழ்ப்பதும், அழுகையை அண்மைக் காட்சியாக்குவதும் உண்டு. வீட்டிலிருந்தவாறே யாரைக் காப்பது என நாம் வாக்களிக்கிறோம். மறுநாள் தேநீர்க் கடையிலும் அலுவலகத்திலும் அவர்களைப் பற்றித் தீர்ப்பு வழங்குகிறோம். பத்து வயதுச் சிறுவர்கள் அதனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்காகத் தொலைக்காட்சியைத் தூக்கி எறிய வேண்டும் என்பது நம் கருத்தன்று. போட்டி தீயதன்று, வெற்றியில் மகிழ்வதும் தவறன்று. ஒன்றைப் பார்க்கத் தொடங்குமுன் இரு வினாக்களை எழுப்புவோம். இதில் தோற்பவர் நமக்கு ஒரு மனிதராகத் தோன்றுகிறாரா, அல்லது கதையின் ஒரு திருப்பமாக மட்டுமா? அவர் நம் மகனாகவோ மகளாகவோ இருந்தால், இதே ஆர்வத்தோடு இருக்கையின் நுனியில் அமர்ந்திருப்போமா? இவற்றிற்கு நேர்மையாக விடையளிக்க இயலாத நிகழ்ச்சியை அணைத்துவிடுவது நம் கையில் உள்ளது.

அணைத்ததோடு கடமை முடிந்துவிடாது. உடலைத் தவிர வேறு முதல் இல்லாத இளைஞர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்விக் கட்டணமோ, தொழிற்பயிற்சியோ, ஒரு பரிந்துரைக் கடிதமோ, மனம்விட்டுப் பேச அரைமணி நேரமோ அளிக்க நம் இளைஞர் இயக்கங்களும், வின்சென்ட் தே பவுல் சபையினரும், வசதி படைத்த குடும்பங்களும் முன்வரலாம். டர்ப்பினைப் போன்றோர் தோற்று வீடு திரும்பும் இரவில், படக்கருவிகள் உடன் செல்வதில்லை. அந்த நேரத்தில் கதவைத் தட்டிச் செல்பவரே அயலார். எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவரைக் குருவும் கண்டார், லேவியரும் கண்டார், விலகிச் சென்றனர். சமாரியரும் கண்டார், கண்டவர் அருகில் சென்றார். நம் பார்வையும் அவ்வாறு நம்மை அருகில் அழைத்துச் செல்லும் பார்வையாக அமைய இறைவன் அருள்வாராக.