தீர்ந்த வழக்கும் கிடைத்த நீதியும்

ஒரு மருத்துவமனை செவ்வனே இயங்குகிறதா என்று அறிய விரும்பினால், அங்கு எத்தனை நோயாளிகள் வந்தனர், எத்தனை பேர் நலம் பெற்றுத் திரும்பினர் என்று கேட்கிறோம். ஒரு பள்ளியைப் பற்றியும் அவ்வாறே கேட்கிறோம். ஆனால் நீதிமன்றத்தைப் பற்றி இப்படிக் கேட்கலாமா என்னும் தயக்கம் நெடுங்காலமாக நம்மிடையே இருந்து வந்துள்ளது. நீதிமன்றம் ஒரு தொழிற்கூடமன்று. தீர்ப்பு ஓர் உற்பத்திப் பொருளுமன்று. அங்ஙனமாயின், நீதியின் பணியை எண்களால் அளப்பது முறையா? அளந்தால் நமக்குத் தெரிய வருவது நீதியா, அதன் நிழலா? இவ்வினாவைச் சற்று ஆழ்ந்து சிந்திக்க விழைகிறோம்.

2015ஆம் ஆண்டு செப்டம்பர் 19 அன்று, தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு பொதுமக்களின் பார்வைக்குத் திறந்து விடப்பட்டது. நாடெங்குமுள்ள மாவட்ட, வட்ட நீதிமன்றங்களில் நிலுவையிலுள்ள வழக்குகள் எத்தனை, அவற்றுள் உரிமையியல் வழக்குகள் எத்தனை, குற்றவியல் வழக்குகள் எத்தனை, பத்து ஆண்டுகளைக் கடந்தவை எத்தனை என்பதை இன்று எவரும் காணலாம். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்க எழுத்துகளும் எண்களும் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. ஒரு காலத்தில் அடுத்த வாய்தா எந்நாள் என்பதை அறியவே வழக்கறிஞரின் குமாஸ்தாவைத் தேடி அலைந்த அம்பத்தூர்க்காரர், இன்று தம் கைப்பேசியிலேயே அதனைக் கண்டுகொள்கிறார். கீழமை நீதிமன்றங்களில் மட்டும் நான்கு கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன என்பதையும் இத்தொகுப்பே நமக்குக் காட்டுகிறது.

இத்தகைய கணக்கெடுப்பு நீதிமன்றத்தின் மாண்பைக் குறைக்கும் என்பார் உளர். அவர்தம் கூற்றைப் புறந்தள்ளிவிட முடியாது. நான்கு உடன்பிறந்தோருக்கிடையே மூன்று தலைமுறைச் சொத்தைப் பிரிக்கும் வழக்கும், வங்கிக் காசோலை திரும்பி வந்த வழக்கும் எண்ணிக்கையில் ஒன்றுக்கு ஒன்றாகவே நிற்கும். நீதிபதிக்கு அவை தரும் உழைப்போ மலையும் மடுவும் போன்றது. மேலும், மேலிடத்திற்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற அச்சத்தில் தீர்ப்பு வழங்கும் நீதிபதி, தம் மனச்சான்றின் விடுதலையை ஓரளவேனும் இழந்தவராவார்.

எனினும் எண்ணாமல் விட்டதால் விளைந்த கொடுமையையும் நம் நாடு கண்டிருக்கிறது. 1979ஆம் ஆண்டில் உசைனாரா காத்தூன் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, பீகார்ச் சிறைகளில் விசாரணையே தொடங்காமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தோரின் நிலை வெளிச்சத்துக்கு வந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய உச்சத் தண்டனையைக் காட்டிலும் நீண்ட காலத்தை அவர்களுட் சிலர் சிறையிலேயே கழித்திருந்தனர். அப்போது நீதிமன்றம் அரசிடம் கேட்டவற்றுள் ஒன்று மிக எளிமையானது. விசாரணைக் கைதிகளை ஆண்டுவாரியாகவும், குற்றத்தின் தன்மைவாரியாகவும் பிரித்துப் பட்டியல் தருக என்பதே அது. அக்கேள்வி பலருக்கு விடுதலையின் வாயிலாயிற்று. விரைவான விசாரணை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்னும் நெறியும் அவ்வழக்கில்தான் நிலைபெற்றது. எண்ணப்படாதவர்கள் மறக்கப்பட்டவர்களாகி விடுகிறார்கள். 2022ஆம் ஆண்டின் இறுதியில் கூட, இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் விசாரணைக் கைதிகளே என்பதை நாம் மறத்தலாகாது.

கணக்கு நீதிபதிகளுக்கும் நியாயம் செய்கிறது. வழக்குகள் தாமதமாவதற்கு நீதிபதிகளின் மெத்தனமே காரணம் என்று தேநீர்க் கடையில் தீர்ப்பளிப்பவர்கள் பலர். 1987ஆம் ஆண்டிலேயே சட்ட ஆணையம், பத்து இலட்சம் மக்களுக்குப் பத்தரை நீதிபதிகள் என்றிருந்த விகிதத்தை ஐம்பதாக உயர்த்தப் பரிந்துரைத்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், 2025ஆம் ஆண்டின் இந்திய நீதி அறிக்கை அவ்விகிதத்தைப் பதினைந்து என்றே குறிப்பிடுகிறது. ஆக, தாமதத்தின் பழியில் பெரும்பங்கு இருக்கைகளை நிரப்பாதவர்களுக்கு உரியது. எண்கள் இல்லையேல் இவ்வுண்மை புலப்பட்டிராது.

ஆகவே எண்ண வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. எதை எண்ணுகிறோம், எதை எண்ணாமல் விடுகிறோம் என்பதில்தான் அறத்தின் வினா அடங்கியுள்ளது.

நம் பூவிருந்தவல்லியையே எடுத்துக்கொள்வோம். 1991ஆம் ஆண்டு மே 21 அன்று திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தியும் அவருடன் பலரும் கொல்லப்பட்ட கொடுஞ்செயலின் விசாரணை, பூவிருந்தவல்லியிலிருந்த தனி நீதிமன்றத்தில் நடைபெற்றது. 1998ஆம் ஆண்டு சனவரி 28 அன்று, குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 26 பேருக்கும் அங்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பதினைந்து மாதங்களுக்குப் பின், 1999ஆம் ஆண்டு மே 11 அன்று, உச்ச நீதிமன்றம் அவர்களுள் நால்வருக்கு மட்டுமே அத்தண்டனையை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. எஞ்சிய 19 பேரையும் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. உறுதி செய்யப்பட்ட நால்வரில் ஒருவரின் தண்டனை 2000ஆம் ஆண்டில் குறைக்கப்பட்டது. மற்ற மூவரின் தண்டனையை 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே குறைத்தது. அதற்கு அது கூறிய காரணம், அவர்களுடைய கருணை மனுக்கள் முடிவெடுக்கப்படாமல் பல்லாண்டுகள் கிடந்தன என்பது.

அச்செயலின் கொடுமையையோ, அதில் உயிரிழந்தோர் குடும்பங்களின் கண்ணீரையோ நாம் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. நாம் கேட்பது இதுவே: 1998ஆம் ஆண்டின் கணக்கேட்டில் இவ்வழக்கு எவ்வாறு எழுதப்பட்டிருக்கும்? ‘தீர்க்கப்பட்டது - ஒன்று’ என்றுதானே? அந்த ‘ஒன்று’ என்னும் எண்ணுக்குள் 26 உயிர்கள் இருந்தன. அவற்றுள் 22 உயிர்களின் தலைவிதி மேல்முறையீட்டில் மாறியது. தீர்ந்தது என்பதை எண் சொல்லும்; சரியாகத் தீர்ந்ததா என்பதைச் சொல்லாது. மேல்முறையீடு செய்ய வழியற்ற ஓர் ஏழையின் சிறு வழக்கில், தவறான தீர்ப்பும் ‘தீர்க்கப்பட்டது’ என்னும் கட்டத்திலேயே அமைதியாக உறங்கிவிடும்.

பல உயர் நீதிமன்றங்கள் கீழமை நீதிபதிகளின் பணியை மதிப்பெண் அலகுகளால் கணிக்கின்றன. இன்ன வகை வழக்கை முடித்தால் இத்தனை அலகு என்பது கணக்கு. நோக்கம் நன்றே. ஆனால் எதற்கு மதிப்பெண் உண்டோ, அதன்பால் மனித மனம் சாய்வது இயல்பு. எளிதில் முடியும் புதிய வழக்கு முந்திக்கொள்ள, சிக்கலான பழைய வழக்கு அடுத்த வாய்தாவுக்குத் தள்ளப்படும் இடர் அங்கே தோன்றுகிறது. அப்போது எண்ணிக்கை உயரும். பத்தாண்டாகக் காத்திருப்பவர் மேலும் காத்திருப்பார்.

இன்னொரு குறை இதனினும் ஆழமானது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனின் சிலை நிற்கிறது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததால் மன்னன் நீதி வழங்கினான் என்பதை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த மணி எட்டாத உயரத்தில் இருந்திருந்தால்? பசு அரண்மனை வாயிலை அடையுமுன்னரே காவலர் விரட்டியிருந்தால்? மணி ஒலிக்கவில்லை, ஆகவே நாட்டில் குறையே இல்லை என்று மன்னன் மகிழ்ந்திருப்பான்.

நீதிமன்றத் தரவும் ஒலித்த மணிகளையே எண்ணுகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் திடீரென்று வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளி, வழக்குக்காக ஒரு நாள் சென்றால் ஒரு நாள் கூலி போகுமே என்று வாய்மூடி இருந்து விடுகிறார். ஆவடியில் கணவனிடம் அடிபடும் பெண், வழக்கென்று போனால் பிள்ளைகளோடு எங்கே தங்குவது என்றெண்ணிப் பொறுத்துக்கொள்கிறாள். இவர்கள் எந்த நிலுவைப் பட்டியலிலும் இல்லை. வழக்கு குறைவாயிருக்கும் ஊர், நீதி நிறைந்த ஊராகவும் இருக்கலாம். நீதியின் மேல் நம்பிக்கை இழந்த ஊராகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் எண் பிரித்துக் காட்டாது.

விவிலியத்தில் இருவகை எண்ணுதலைக் காண்கிறோம். தாவீது அரசர் தம் படைவலிமையை அறிந்து பெருமை கொள்ள மக்களைக் கணக்கெடுத்தார். பின்னர் அதுவே பாவம் என்று அவருடைய மனமே அவரை வாட்டியது. மற்றொருபுறம், நூறு ஆடுகளை உடைய ஆயரும் எண்ணுகிறார். எண்ணியதனாலேயே ஒன்று குறைகிறது என்று அறிகிறார். தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் புறப்படுகிறார். எண்ணுதல் என்னும் செயல் ஒன்றே. முன்னது தன்னைப் பெரிதாகக் காண்பதற்கு, பின்னது காணாமற்போனவரைக் காண்பதற்கு. நீதித்துறையின் கணக்கும் இவ்விரண்டில் எவ்வகையைச் சார்ந்தது என்று ஒவ்வொரு முறையும் வினவுவது நம் உரிமை; கடமையும் ஆகும்.

ஆயரின் கணக்காக அது அமைய வேண்டுமானால், முடிந்த வழக்குகளின் தொகை மட்டும் போதாது. ஒரு வழக்காளி எத்தனை முறை வந்து வெறுங்கையுடன் திரும்பினார், அதனால் எத்தனை நாள் கூலியை இழந்தார், அவருக்கென்று பேச வழக்கறிஞர் இருந்தாரா, வழங்கப்பட்ட தீர்ப்பு நடைமுறைக்கு வந்ததா என்பனவும் எண்ணப்பட வேண்டும். நேர்மையற்ற நடுவரிடம் ஓயாது வந்து முறையிட்ட கைம்பெண்ணை லூக்கா நற்செய்தியில் காண்கிறோம். அவளுடைய வழக்கு இறுதியில் தீர்ந்தது. ஆனால் அவள் நடந்த நடைகளை எண்ணினாலன்றி, அந்த நீதிமன்றத்தின் உண்மை நிலை நமக்குப் புலப்படாது.

இவற்றையெல்லாம் அரசும் நீதித்துறையும் செய்யட்டும் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995ஆம் ஆண்டு நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர், காவலில் உள்ளோர் ஆகியோர்க்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. பெண்ணாயிருத்தலே போதுமானது, வருமானச் சான்று வேண்டுவதில்லை. இதனை நம் அன்பியங்களில் எத்தனை பேர் அறிவர்? நாளைக் கூலியை இழந்து நீதிமன்றம் செல்பவருடன் துணைக்குச் செல்லவும், எழுத்தறியாதவருக்கு வழக்கின் நிலையைக் கைப்பேசியில் பார்த்துச் சொல்லவும், அஞ்சி ஒதுங்கி நிற்பவரைச் சட்ட உதவி மையம் வரை அழைத்துச் செல்லவும் படித்த இளைஞர்கள் நம் பங்குகளில் இல்லையா?

தரவுத் தொகுப்பு நமக்குக் காட்டுவது வந்து சேர்ந்தவர்களை. வந்து சேராதவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். அவர்களை எண்ணத் தொடங்குவதற்கு நமக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.