வழியின் மகன்

கல்வியை நாடி வரும் ஒருவனிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது யாது? அவன் என்ன கற்றிருக்கிறான் என்பதா, அவன் எந்நாட்டான் என்பதா? முதற்கேள்வியே முறையானது என்று எவரும் தயங்காமல் சொல்லிவிடுவர். ஆயின் கல்லூரியில் இடம் கிடைத்தபின், கட்டணத்துக்கு உதவித்தொகை வேண்டி நிரப்பும் படிவத்தில் இரண்டாம் கேள்விதான் முந்திக்கொண்டு நிற்கிறது. நாட்டினம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று அறியாமல் பேனாவைப் பிடித்தபடி திகைக்கும் மாணவன் எங்கோ தொலைவில் இல்லை. நம் திண்டுக்கல்லிலேயே இருக்கிறான்.

நகரை அடுத்த தோட்டனூத்தில் 2022 செப்டம்பர் 14 அன்று இலங்கைத் தமிழர்க்கென 321 புதிய வீடுகள் திறந்துவைக்கப்பெற்றன. தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி ஆகிய முகாம்களின் இடுக்கமான குடியிருப்புகளில் பல்லாண்டு வாழ்ந்த குடும்பங்களுக்கு அவை உரியவை. 1983 ஜூலைக் கலவரத்தை அடுத்துத் தொடங்கி 2012 வரை தமிழகக் கரையை அடைந்தோர் 3,04,269 பேர் என்பது அரசுக் கணக்கு. 2021இல் சட்டமன்றத்தில் சொல்லப்பட்டபடி, 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தனர். காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியே வாழ்ந்தோர் 34,087 பேர். இவர்களின் பிள்ளைகளுள் இன்று கல்லூரி வாயிலில் நிற்பவர் ஏறத்தாழ எல்லாருமே இம்மண்ணில் பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்தையோ மன்னாரையோ கண்ணால் கண்டறியாதவர்கள்.

சட்டம் இப்பிள்ளையை எப்படிப் பார்க்கிறது? 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகனாவார். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது. மற்றவர் சட்டப்புறம்பாகக் குடியேறியவராக இருத்தல் ஆகாது. கடவுச்சீட்டின்றிப் படகேறி வந்த அகதி, சட்டத்தின் சொல்லில், சட்டப்புறம்பாகக் குடியேறியவரே. ஆகவே முகாமில் வளர்ந்த இளைஞன் ஒருவன் நத்தத்துப் பெண்ணை மணந்து, திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் பிள்ளை பிறந்தாலும், தாய்வழி வரும் குடியுரிமையைத் தந்தைவழித் தடை விழுங்கிவிடுகிறது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட சமயத்தார்க்கு வழி திறந்தது. அதில் முஸ்லிம்கள் விடப்பட்டதை நாம் அறிவோம். இலங்கைத் தமிழரும் விடப்பட்டதை நம்முள் பலர் கவனித்ததில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, கடவுச்சீட்டு இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு விலக்களித்தது. தண்டனை நீங்கியது, உரிமை வரவில்லை.

இதே மாவட்டத்தின் கொடைக்கானல் மலையில் வேறொரு கூட்டத்தார் வாழ்கின்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோர் அவர்கள். அவர்கள் கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. மலையில் இருப்பவரும் சமவெளியில் இருப்பவரும் ஒரே கடலைக் கடந்தவர்கள், ஒரே மொழி பேசுபவர்கள். முகாமினருள்ளும் மலையகத் தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் உளர். ஆயினும் ஒருவர் பேரன் குடிமகன், மற்றவர் பேரன் அந்நியன்.

மாநில அரசு ஒன்றும் செய்யவில்லை எனல் பொய்யாகும். 2021 ஆகஸ்டு அறிவிப்பின்படி கலை, அறிவியல் இளநிலை மாணவர்க்கு ஆண்டுக்கு 3,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 12,000 ஆயிற்று; தொழிற்படிப்பினர்க்கு 5,000 என்பது 20,000 ஆயிற்று. பொறியியல் பயிலத் தேர்வாகும் முகாம் மாணவருள் மதிப்பெண் முறையில் முதல் 50 பேரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாகக் கூறிற்று. முகாம் என்னும் சொல்லுக்கு முன் 'மறுவாழ்வு' வந்து சேர்ந்ததும் அப்பொழுதுதான். இதை நன்றியோடு சொல்ல வேண்டும். 51ஆம் மாணவன் என் செய்வான் என்பதையும் கேட்க வேண்டும். அவன் வங்கிக்குப் போவான். வங்கிகளின் பொதுவான கல்விக்கடன் திட்டமோ இந்தியக் குடிமக்களுக்கே உரியது. வண்ணப்பூச்சு வேலைக்குப் போகும் தந்தையின் அன்றாடக் கூலியன்றி அவனுக்கு வேறு பிணை இல்லை.

இங்கே நம் சிந்தனைக்குரிய வினா எழுகிறது. இவ்வுதவி இரக்கமா, உரிமையா?

இரக்கம் என்றால், கொடுத்தவர் மனம் மாறும்போது அது மீளும். 1991ஆம் ஆண்டின் படுகொலைக்குப் பின் அகதி மாணவரின் கல்லூரிச் சலுகைகள் நிறுத்தப்பட்டுச் சில ஆண்டுகள் கழித்தே திரும்பின. கொலை செய்தவர் வேறு, புத்தகத்தை மூடியவன் வேறு. கடல்கடந்த நாட்டிலும் இதே கதை. அமெரிக்காவில், ஆவணமின்றி வந்தவர்தம் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியிலிருந்து விலக்கலாகாது என 1982இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. அத்தீர்ப்பு கல்லூரி வாயிலோடு நின்றது. டெக்சஸ் மாநிலம் 2001இல் அப்பிள்ளைகளுக்கும் உள்மாநிலத்தார்க்குரிய குறைந்த கட்டணத்தை அளித்தது. கலிபோர்னியா 2011இல் மாநில உதவித்தொகைக்கே வழி செய்தது. டெக்சஸின் சட்டமோ 2025 ஜூனில் நீதிமன்ற ஆணையொன்றால் ஒரே நாளில் செயலற்றுப் போயிற்று. அதை நம்பிப் பாதிப் படிப்பில் இருந்தவன் நிலை என்ன?

நம் மார்க்கம் இதை எவ்வாறு நோக்குகிறது? திருக்குர்ஆனின் அத்தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் ஜகாத்துக்குரிய எண்வகையினரை வரையறுக்கிறது. அவருள் ஒருவர் 'இப்னுஸ் ஸபீல்'. வழிப்போக்கர் என்று மொழிபெயர்த்து நாம் கடந்துவிடுகிறோம். அரபுச் சொல்லின் நேர்ப்பொருள் 'வழியின் மகன்' என்பதாகும். ஊரில் வீடும் பொருளும் இருந்தும், நடுவழியில் அவை கைக்கெட்டாமல் தவிப்பவன் என்று ஃபிக்ஹு நூலோர் விளக்குவர். வழக்கமாக இது உருவகமே. எந்தப் பயணியையும் வழி பெற்றெடுத்ததில்லை. தோட்டனூத்து மாணவனுக்கோ இச்சொல் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. அவன் புறப்படவே இல்லை, வழியிலேயே பிறந்தான். திரும்பிச் செல்ல அவனுக்கு ஓர் ஊரும் இல்லை. வழிப்போக்கனுக்கே உரிமை உண்டெனில், வழியையன்றி வேறு தொட்டில் அறியாதவனுக்கு எவ்வளவு உண்டு!

இன்னொன்றும் எண்ணத் தக்கது. பயணி தொழுகையைச் சுருக்கித் தொழலாம். ஓரிடத்தில் தங்கும் எண்ணம் கொண்டுவிட்டால் அவன் முகீம், அதாவது உறைபவன், ஆகிறான். முழுமையாகத் தொழுதல் வேண்டும். அதற்கு ஹனஃபி மத்ஹபில் 15 நாள், ஷாஃபி மத்ஹபில் 4 நாள். எண்ணம் உறுதிப்படாமல் 'நாளை போவோம், நாளை போவோம்' என்றிருப்பவன் நீண்ட காலம் பயணியாகவே இருக்கலாம். ஹஸ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஆதர்பைஜானில் பனியால் வழி அடைபட்டு ஆறு மாதம் சுருக்கித் தொழுததாகச் செய்தி உண்டு. முகாமின் முதல் தலைமுறையினர் அவ்வாறுதான் இருந்தனர். அடுத்த ஆண்டு போர் முடியும், போவோம் என்று ஆண்டுக்கணக்கில் பெட்டியைக் கட்டியே வைத்திருந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வெண்ணம் இல்லை. பதினைந்து நாளில் ஒருவனை உறைபவன் என ஏற்கும் மரபில் வந்த நாம், பதினெட்டாண்டுகள் இவ்வூர்த் தண்ணீர் குடித்து, இவ்வூர்ப் பள்ளியில் தேறி, இவ்வூர்க் கல்லூரியை நாடுபவனைப் பயணி என்று சொல்ல நாணவேண்டும். வணக்கத்தின் சட்டம் வேறு, அரசின் சட்டம் வேறு என்பதை அறிந்தே இதைச் சொல்கிறோம். ஓரிடத்தோடு மனிதனைப் பிணைப்பது அவன் வாழ்வும் எண்ணமுமா, தாளா என்பதே நம் கேள்வி.

ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டின் பயணியான இப்னு ஜுபைர் 1183இல் அலெக்சாந்திரியாவை அடைந்தபோது கண்டதை எழுதிவைத்திருக்கிறார். தொலைநாடுகளிலிருந்து கல்வி தேடி வருவோர்க்குத் தங்குமிடமும் ஆசிரியரும் படியும் அங்கே அமைந்திருந்தன. அவர்க்கெனக் குளியலறைகளும் மருத்துவமனையும் இருந்தன. மக்ரிப் நாட்டு வழிப்போக்கர்க்கு நாளொன்றுக்கு இரண்டு ரொட்டி வீதம் சுல்தான் ஸலாஹுத்தீன் ஏற்பாடு செய்திருந்தார். அதே இப்னு ஜுபைர், துறைமுகத்தில் தம் கப்பல் பயணிகளைச் சுங்கத்தார் சோதித்துப் படுத்திய பாட்டைக் கசந்து எழுதவும் தவறவில்லை! வாயிலில் கெடுபிடி அன்றும் இருந்தது. ஆயினும் வாயிலின் கேள்வி மதரஸாவின் கேள்வி ஆகவில்லை.

உலகத்து அகதியர் அனைவரையும் ஏற்க இந்நாடு சத்திரமன்று என்னும் பொருள்பட 2025 மே மாதம், ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் உச்சநீதிமன்ற அமர்வு கருத்துரைத்தது. அவ்வழக்கின் தன்மை வேறு. அதை ஆராய்வது நம் வேலையன்று. நம் மாணவனும் சத்திரம் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்வோம். சத்திரம் போகிறவனுக்கு. இவன் இருப்பவன்.

கடினமானதொரு கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. முகாம் என்ற சொல்லை மறைத்து, உள்ளூர் முகவரியும் பிறர் தந்த சான்றும் காட்டி அம்மாணவன் உதவித்தொகை பெற்றால் அது ஆகுமா? நெருக்கடி விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்னும் விதியைச் சிலர் எடுத்துக்காட்டுவர். உயிருக்கும் உணவுக்கும் அவ்விதி பொருந்தும். ஆனால் எண்ணி வைக்கப்பட்ட இடங்களில் ஒன்றைப் பொய்யால் பெறுபவன், மெய் சொன்ன மற்றோர் ஏழையின் இடத்தைப் பெறுகிறான். ஆகவே ஆகாது என்பதே நம் துணிபு. அதனோடு முடித்துக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. மெய் சொன்னால் படிப்பு போகும், பொய் சொன்னால் படிக்கலாம் என்றொரு படிவத்தைப் பதினெட்டு வயதினன் முன் நீட்டுகிறவர்க்கு அக்குற்றத்தில் பங்கில்லையா? இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்கள் காஸாவில் பிறந்து, தந்தையை இழந்து, மக்காவில் வளர்ந்தவர்கள். ஆசிரியருக்குக் கொடுக்கத் தாயிடம் பொருளில்லை. தாம் இல்லாத வேளையில் சிறுவர்களைப் பார்த்துக்கொள்வதையே கட்டணமாக அவ்வாசிரியர் ஏற்றார். பெயரறியாத அந்த ஆசிரியர் அச்சிறுவனைப் பொய் சொல்ல வைக்கவில்லை.

நம் சமுதாயத்துள்ளிருந்து வரும் மறுப்பு ஒன்றுண்டு. அதை நாம் காதாரக் கேட்டிருக்கிறோம். '1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரக் கெடுவில் வெறுங்கையராய்த் துரத்தியவர் எவர்? புத்தளத்து முகாம்களில் நம்மவர் வாடியபோது யார் அழுதார்?' என்பது அது. அத்துரத்தல் கொடுமையே, மறக்கத்தக்கதன்று. அதைச் செய்தது ஓர் ஆயுத இயக்கம். அதன் துப்பாக்கிக்கு அஞ்சிப் படகேறியவரும் இம்முகாம்களில் உண்டு. ஒருவர் சுமையை மற்றவர் தலையில் ஏற்றலாகாதெனத் திருமறையில் மீண்டும் மீண்டும் ஓதுகிற நாம், 1990க்குப் பின் பதினேழு பதினெட்டாண்டு கழித்துத் திண்டுக்கல்லில் பிறந்த பெண்பிள்ளையிடம் யாழ்ப்பாணத்தின் கணக்கைக் கேட்கலாமா? பத்ருப் போரின் கைதிகளுள் எழுதத் தெரிந்தவர், பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெறலாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். போர்முனையில் எதிர்நின்றவரோடும் கல்வியின் கொடுக்கல் வாங்கல் நடந்திருக்க, இங்கே பகைவரும் இல்லை, போரும் இல்லை.

அரசைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாதிருத்தல் நேர்மையன்று. ஊர்தோறும் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் ஆண்டுதோறும் கல்வி உதவி வழங்குகின்றன. தோல் ஷாப்புகளின் வருவாயால் நடந்த கொடைகள் நம் நகரிலும் உண்டு. அவற்றின் படிவங்களில் குடும்ப அட்டை நகலும் ஜமாஅத் கடிதமும் கேட்பது வழக்கமாகிவிட்டது. முகாமினர் பெரும்பாலும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஆதலின் ஜகாத்துப் பணம் அவர்க்கு ஆகாது என்பர் பெரும்பான்மை இமாம்கள். அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் நஃபிலான சதகாவுக்கு அத்தடை இல்லை. நம் பகுதி ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபிலோ, இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூற்றுப்படி ஃபித்ரா தர்மமும் முஸ்லிமல்லாத ஏழைக்குத் தகும். கொடையாளர் நிபந்தனை இடம் தருமாயின் வக்ஃபு வருவாயும் தகும். ரமலானில் ஃபித்ரா திரட்டும் பைத்துல்மால்கள் இதில் ஒரு பகுதியைக் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கி, ஜூனில் சேர்க்கை தொடங்குமுன் தோட்டனூத்துக்கு ஆளனுப்பிக் கேட்கலாம். குடும்ப அட்டைக்கு ஈடாக முகாம் அட்டையை ஏற்க முத்தவல்லிமார் ஒரு தீர்மானம் எழுதினால் போதும். அதற்கு ஒன்றிய அரசின் ஆணை வேண்டியதில்லை.