ஞாயிற்றின் மறுவும் பஞ்சத்தின் காரணமும்

ஞாயிற்றின் வட்டத்தே கரும்புள்ளிகள் தோன்றுதலும், அவை பெருகியும் அருகியும் ஏறக்குறைய 11 ஆண்டில் ஒரு சுற்று நிரம்புதலும் வானநூலார் கண்ட உண்மைகளாம். ஜெர்மானியராகிய சுவாபே என்பார் இச்சுற்றினை 1843-ல் உணர்த்தினர். புள்ளிகள் உண்மையில் இருளல்ல. வலிய காந்த விசை உள்ளிருந்து எழும் வெப்பத்தைத் தடுத்தலின், அவ்விடம் சுற்றுப்புறத்தினும் வெப்பம் குறைந்து, ஒளியுடையதாயினும் மிக்க ஒளியின்முன் கருமையாய்த் தோன்றுகின்றது.

அப்புள்ளிகளின் அருகே சிற்சில வேளைகளிற் சுடர்வெடிப்பு நிகழும். 1859 செப்டம்பர் 1-ஆம் நாள் ஆங்கிலராகிய காரிங்டன் அத்தகைய வெண்சுடர் ஒன்று எழக் கண்டார். 18 மணிநேரம் கழியுமுன் பூமியின் காந்தம் கலங்கிற்று. பம்பாய்க் கொலாபா நிலையத்துக் கருவிகள் அக்கலக்கத்தைப் பதிந்தன. மேனாடுகளிலே தந்திக் கருவிகள் தீப்பொறி உமிழ்ந்தன. 1989 மார்ச்சு மாதத்தில் கனடாவின் கியூபெக் மாகாணம் ஏறக்குறைய 9 மணிநேரம் மின்னொளி இழந்தது.

இங்ஙனம் ஞாயிறு மாறுபாடு உடையதாயின், அதன் சந்நிதியிலே தாமரை மலர்தலை விகாரமில்லாத இறைவன் செயலுக்கு உவமை கூறியது பொருந்துமோ என ஒருவர் வினவலாம். பொருந்தும், அது ஒருபுடை உவமை. ஒரு சுடரின் முன்னரே ஒரு தாமரை விரிய, ஒன்று முகையாய் நிற்க, ஒன்று வாடுதலைக் காட்டுதலே அதன் கருத்து. சுடரின் உடற்கூற்றை ஆராய்தல் அன்று.

காந்தமும் கம்பியும் கலங்குதல் ஒருபுறமிருக்க, மழையும் இப்புள்ளிகளின் வயத்ததோ என்னும் வினாத் தமிழ்நாட்டிற் கொடிய வேளையில் எழுந்தது. தாது ஆண்டுப் பஞ்சம் எனப்படும் 1876-78-ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் மடிந்தோர் 50 இலட்சத்தின் மேலர் என்பர். அப்பொழுது, 1877-ல், வில்லியம் ஹண்டர் என்பார் சென்னையின் மழைக் கணக்கைப் புள்ளிக் கணக்கோடு ஒப்பிட்டு, புள்ளிகள் அருகும் காலத்தே மழையும் அருகுமென எழுதினர். மறுக் குறைந்த ஞாயிறே குற்றமுடைத்தாயிற்று என்பது வியப்பே! கோடைக்கானலில் 1899-ல் ஞாயிற்று ஆராய்ச்சி நிலையம் அமைந்ததற்கு மழையை முன்னறியும் விருப்பமும் ஒரு காரணம். ஆண்டு எவர்ஷெட் 1909-ல் புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிநோக்கி ஓடுதலைக் கண்டார். மழையின் மறைபொருளோ அங்குப் புலப்பட்டிலது. 1877-ல் பசிபிக் மாகடலின் நீர் மிக வெப்பமுற்றிருந்ததே பருவமழை பொய்த்தற்குத் தலையாய காரணமென இக்காலத்தார் துணிகின்றனர்.

ஞாயிற்றை விடுத்துக் கடலைக் குற்றஞ்சாட்டினும் வினா அவ்வாறே நிற்கின்றது. மழை பொய்த்தலும் மாந்தர் மடிதலும் ஒன்றல்ல. அவ்வாண்டுகளிற் கோதுமை இந்தியாவினின்று கப்பலேறுதல் நின்றிலது. நிவாரண வேலை செய்தார்க்கு நாட்கூலி ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகக் குறைக்கப்பட்டது. அது உயிர் தாங்கப் போதாதென மருத்துவர் கார்னிஷ் வழக்கிட்டார். குடத்திற்குத் திரிகை துணைக்காரணமாதல் போல, மழையின்மை சாவிற்குத் துணைக்காரணம். திரிகையைச் சுட்டிக் குயவனை மறத்தல் ஆராய்ச்சி ஆகாது.

வேறு சிலர், மடிந்தோர் தத்தம் பிராரத்தம் நுகர்ந்தனர் எனக் கூறி அமைவர். இது புள்ளியைச் சுட்டுதலினும் நுட்பமான ஒளிப்பிடம். வினை சடமாதலின் தானே சென்று பயன் கூட்டாது, கூட்டுவான் இறைவன். பிறன் வினையின் அளவை அறிந்து தீர்ப்பளிக்கும் அறிவு பார்த்து நிற்பார்க்கு வழங்கப்பட்டிலது. பசித்தவனுக்கு அப்பசி பிராரத்தமேயாக. கண்டும் சோறிடாது கடந்து செல்வானுக்கு அச்செலவே ஆகாமியம். ஒருவனது பழைய கணக்குத் தீருமிடத்தே மற்றொருவனது புதிய கணக்குத் தொடங்குகின்றது.

அதே பஞ்சம் யாழ்ப்பாணத்தையும் வாட்டியபொழுது, வினையியலை நன்கறிந்த ஆறுமுக நாவலர் அங்குக் கஞ்சித் தொட்டித் தருமம் நிறுவி ஏழைகட்குக் கஞ்சி வார்ப்பித்தனர். அந்நாட்களில் ஞாயிற்றின்மேல் புள்ளிகள் மிகச் சிலவே இருந்தன.