கிணற்றின் ஆழம்

பணி ஓய்வு பெற்ற ஆண்டில், சித்தாமூர் ஆலயத்தில், குடும்பத்துப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் நான் திக்விரதம் ஏற்றேன். கிழக்கே புதுவைக் கடற்கரை, மேற்கே குடகுமலை, தெற்கே குமரி, வடக்கே கிருஷ்ணை ஆறு என எல்லைகளைச் சொல்லி முடித்தபோது, "மேலும் கீழும் சொல்லவில்லையே, அம்மா" என்றார் அவர். மேலே, சிரவணபெளகுளத்து விந்தியகிரியின் உச்சி என்றேன். கீழே, எங்கள் வீட்டுக் கிணற்றின் ஆழம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பாகூர் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பூமிக்குள் இறங்குதல் என்றால் கிணற்றில் தூர் வார இறங்குவதுதான் நினைவுக்கு வரும். நாற்பது அடிக்குக் கீழே எனக்கு என்ன வேலை வந்துவிடப் போகிறது?

வேலை வந்தது. சென்ற ஆண்டு மகளும் பேரனும் என்னை ஆந்திர மாநிலத்துப் பெலும் குகைகளைக் காண அழைத்துச் சென்றனர். 2022ஆம் ஆண்டு வரை கர்நூல் மாவட்டத்திலும், இப்போது நந்தியால் மாவட்டத்திலும் அடங்கிய சிற்றூர் அது. பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலறிஞர், 1884இல் இக்குகைகளைக் குறித்து எழுதினார். 1982, 1983ஆம் ஆண்டுகளில் கெபாவர் என்ற ஜெர்மானியர் தலைமையில் ஒரு குழு உள்ளே சென்று அளந்தது. இதுவரை அளக்கப்பட்ட நீளம் 3,229 மீட்டர். அதில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டும் 2002 முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. 'பிலம்' என்னும் வடசொல்லே பெலும் என்றாயிற்று என்பர்.

படிகளில் இறங்கியதும் வெக்கை முகத்தில் அறைந்தது. உள்ளே குழாய் வழியாகக் காற்றைச் செலுத்துகின்றனர். சில இடங்களில் மண்டபம் போல் விரிந்தும், சில இடங்களில் குனிந்து நுழையும்படி ஒடுங்கியும் வழி செல்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சற்றே புளிப்பேறிச் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கிறது. கரைந்த சுண்ணாம்பு, நீர் சொட்டும் இடத்தில் மீண்டும் படிந்து விழுதாக வளர்கிறது. கடப்பாரையும் உளியும் இன்றி நீரே குடைந்த மாளிகை அது. வகுப்பறையில் கரும்பலகையில் படம் வரைந்து பலமுறை நடத்திய பாடம்தான். கண்ணால் கண்டபோது வாயடைத்து நின்றேன்.

அந்த வியப்பில் விரதம் மறந்துபோயிற்று. வழிகாட்டி ஓரிடத்தில் நின்று, "இனிப் பாதாள கங்கை, இதுவே மிக ஆழமான இடம், நூற்றைம்பது அடி" என்றார். அப்போதுதான் சுரீர் என்றது. கிணற்றின் ஆழத்தை நான் எப்போது கடந்தேன், கடந்துவிட்டேனா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பாறை ஒன்றில் அமர்ந்துவிட்டேன்.

பேரன் அருகில் வந்தான். "ஆயா, நீங்கள் விளையாட்டாகச் சொன்ன எல்லைதானே? அங்கே ஓடுவது ஒரு சிற்றோடை. அதைப் பார்ப்பதால் எந்த உயிருக்கு என்ன தீங்கு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. "நீ போய் வா, தம்பி" என்று அவனை அனுப்பிவிட்டு எண்ணத் தொடங்கினேன்.

தத்துவார்த்த சூத்திரம் திக்விரதத்துக்கு ஐந்து மீறல்களைக் கூறுகிறது. மேலெல்லையைக் கடத்தல், கீழெல்லையைக் கடத்தல், பக்க எல்லையைக் கடத்தல், எல்லையை விரித்துக்கொள்ளல், எல்லையை மறத்தல் என்பன அவை. பூஜ்யபாதர் தம் உரையில் கீழெல்லையைக் கடப்பதற்குக் கிணற்றில் இறங்குதலையும், பக்க எல்லையைக் கடப்பதற்குப் பிலத்தினுள் புகுதலையும் எடுத்துக்காட்டுகிறார். எனக்காகவே எழுதியது போலத் தோன்றியது. என் குற்றம் ஐந்தாவது, மறதி. விளையாட்டாகச் சொன்னது என்று இப்போது வாதாடினால் நான்காவதும் சேரும்.

ஆனால் பேரனின் கேள்வி அப்படியே நிற்கிறது. தீங்கில்லாத இடத்தில் எல்லை எதற்கு?

இதற்குப் பிரான்சு நாட்டு லாஸ்கோ குகை ஒரு விடை தருகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மாந்தர் தீட்டிய விலங்கு ஓவியங்கள் அங்கே 1940இல் கண்டறியப்பட்டன. 1948இல் மக்களுக்குத் திறந்தனர். வந்தவர் எவரும் கல்லெறியவில்லை, பெயர் செதுக்கவில்லை. வியந்து மூச்சுவிட்டனர், அவ்வளவே. அம்மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும், விளக்கொளியில் படர்ந்த பாசியும் ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கின. 1963இல் குகையை மூடினர். அன்புடன் வந்தவர்களின் மூச்சே அங்கே தீங்காயிற்று. நாம் செய்யும் தீங்கை எல்லாம் நாம் அறிவோம் என்பது வெறும் நம்பிக்கை. திக்விரதம் அந்த அறியாமையை ஒப்புக்கொள்ளும் விரதம் என்று எனக்குப் படுகிறது. எல்லைக்கு அப்பால் உள்ள சிற்றுயிர்களுக்கு, நான் அறிந்தும் அறியாமலும் செய்யக்கூடிய தீங்கு முழுவதும் நின்றுவிடுகிறது. இல்லறத்தார் அவ்வளவு நிலத்துக்கேனும் துறவியருக்கு நிகராகிறார் என்பது சமந்தபத்திரர் கருத்து.

அப்படியாயின் குகையை அளந்தவர்கள் தவறு செய்தனரா? அவ்வாறு சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அவர்கள் அளந்திராவிட்டால் காக்க வேண்டியது இன்னதென்று நமக்குத் தெரிந்திராது. அறிவைத் தேடுதல் குற்றமன்று. அளந்ததில் பாதியைத் திறந்து பாதியை மூடி வைத்துள்ளார்களே, அந்தக் கம்பிக் கதவும் ஒரு திக்விரதம்தான்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாறையில் அமர்ந்திருந்தபோது, கடந்து சென்றவர்கள் "பாட்டிக்கு முடியவில்லை போலும்" என்று பேசிக்கொண்டனர். முடியாமல் அன்று, விரதத்தால் அமர்ந்திருக்கிறேன் என்று அவர்களுக்குச் சொல்ல நா துடித்தது. அப்போதுதான் ஓர் உண்மை விளங்கியது. கால் நின்ற இடத்தில் மனம் நிற்கவில்லை. எல்லையைக் காத்தேன் என்ற பெருமிதம் எல்லை தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. வாய் திறவாமல் இருந்துவிட்டேன். அன்று நான் காத்த விரதம் அது ஒன்றே.

பேரன் திரும்பி வந்து, ஓடை மண்ணுக்குள் மறைந்துபோகும் இடத்தைக் கண்டதாகக் கூறினான். மகிழ்ச்சியுடன் கேட்டுக்கொண்டேன். ஊர் திரும்பியபின் மறதிக்காக ஒரு நாள் உபவாசம் இருந்தேன். எல்லையை மாற்றவில்லை. இப்போது கிணற்றடியில் நீர் இறைக்கும்போதெல்லாம் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்க்கிறேன்.

வாசக அன்பர்களே, நம்மில் பலர் நான்கு திசைகளுக்கு எல்லை வகுத்துள்ளோம். மேலும் கீழும் வகுத்தோமா, வகுத்ததை நினைவில் வைத்துள்ளோமா என்று சிந்திப்போமாக.