பாத்திரம் அறிந்தோம், காலம் அறிந்தோமா?

எங்கள் கிளையில் ஆண்டுதோறும் ஒரு சிறிய கல்வி நிதி கொடுக்கிறோம். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிற அதே பிள்ளைகள்தான் கடை கடையாக ஏறி அந்தப் பணத்தையும் சேர்க்கிறார்கள். விண்ணப்பப் பாரத்தை ஐந்து வருடத்துக்கு முன்பு எழுதியவன் நான். 'படிப்பைக் குறித்த காலத்தில் முடிப்பீர்களா?' என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. எழுதும்போது ரொம்ப நியாயமாகத்தான் பட்டது. ஊர்ப் பணம், பொறுப்பாகக் கொடுக்க வேண்டும் இல்லையா?

போன வருடம் ஒரு தங்கச்சி அந்தக் கேள்வியில் வந்து நின்றுவிட்டாள். பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. அவளுக்கு லூப்பஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய் அது. பெரும்பாலும் இளம் பெண்களுக்குத்தான் வருகிறது. ஒரு மாதம் நன்றாக இருப்பாள். அடுத்த மாதம் மூட்டு வலி, காய்ச்சல், படுக்கையை விட்டு எழ முடியாத சோர்வு. வெயில் பட்டாலே நோய் கிளம்பிவிடலாம். ஜார்ஜ்டவுன் மத்தியான வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு செமஸ்டர் தள்ளிப் போட்டிருந்தாள்.

"அண்ணே, இதுக்கு ஆமான்னு எழுதினா பொய். இல்லைன்னு எழுதினா கெடைக்காது. வேற யாருக்காச்சும் கொடுத்திடுங்க" என்று பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் தடுக்கவில்லை. "சரிம்மா" என்றேன். அந்த 'சரிம்மா' இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நோய் என்றதும் மருந்துச் செலவு என்றுதான் நமக்குத் தோன்றும். நம் நாட்டில் அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான். அவளுக்குப் பெரிய செலவு மருந்து இல்லை, காலம். பி.டி.பி.டி.என். கல்விக் கடன் 1997இல் ஏற்படுத்தப்பட்டது. நம்மில் எத்தனையோ பேரைப் படிக்க வைத்தது அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் கணக்கு, படிப்பு இத்தனை செமஸ்டர் என்ற கணக்கு. படிப்பைத் தள்ளிப் போட்டால் அந்தச் செமஸ்டருக்குப் பணம் வராது. அறை வாடகை நிற்குமா? சாப்பாடு நிற்குமா? முதல் வகுப்பில் தேறினால் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். குறித்த காலத்துக்குள் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பது அதற்கும் ஒரு நிபந்தனை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்து வந்து, ஒரு வருடம் கூடுதலாக எடுத்து, அதே மதிப்பெண் வாங்கியவள் அதில் சேரமாட்டாள்.

ஓ.கே.யூ. அட்டை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அட்டை உள்ள மாணவர்களுக்கு உயர்கல்வி அமைச்சு பண உதவி தருகிறது. நல்ல திட்டம். உடற்குறையுள்ளோர் சட்டம் 2008இல் வந்தது. நீண்டகாலக் குறைபாடு ஒன்று, வெளியே உள்ள தடைகளோடு சேர்ந்து, ஒருவரைச் சமூகத்தில் முழுமையாகப் பங்கெடுக்க விடாமல் செய்தால் அவரையும் அது கணக்கில் சேர்க்கிறது. விரிந்த பார்வைதான். ஆனால் அட்டை கொடுக்கும்போது ஏழு பிரிவுகள்: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்டவை. வந்து வந்து போகிற நோய்க்கென்று தனிப் பிரிவு இல்லை. இங்கிலாந்தில் ஊனமுற்ற மாணவர் படித்தொகை என்று ஒன்று உண்டு. நீண்டகால நோய் உள்ளவர்களும் கேட்கலாம், பெற்றோர் வருமானம் பார்ப்பதில்லை, திருப்பிக் கட்டவும் வேண்டாம். ஆக, இது செய்ய முடியாத காரியம் இல்லை.

அரசாங்கத்தைக் குறை சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விடலாம். ஆனால் அவளைத் திருப்பி அனுப்பியது அரசாங்கம் இல்லை, எங்கள் பாரம்.

செயற்குழுவில் இதைப் பேசினேன். மூத்தவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று சும்மாவா சொன்னார்கள்? இருப்பது பத்து பேருக்குப் போதுகிற பணம். அவளுக்குக் கூடுதலாக இரண்டு செமஸ்டர் கொடுத்தால் புதுசாக ஒரு பிள்ளைக்கு இல்லாமல் போகும்." அவர் கல்நெஞ்சர் இல்லை. சொன்ன கணக்கும் உண்மை. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு யோசித்தேன். கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் பகவான் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறார். அதில் உயர்ந்ததற்கு அவர் சொல்லும் இலக்கணம்: கொடுப்பது கடமை என்று கொடுப்பது, பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காமல் கொடுப்பது, தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், தகுந்த பாத்திரத்துக்குக் கொடுப்பது. நாம் பாத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். அதையும் மதிப்பெண் பட்டியலாகச் சுருக்கிவிட்டோம். காலத்தை விட்டுவிட்டோம். ஒருவர் தடுமாறுகிற நேரம்தான் தகுந்த காலம். அவள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது கொடுக்கத் தயாராக இருந்தோம். விழுந்தபோது விதியைக் காட்டினோம்.

என் கேள்வியின் நோக்கம் என்ன? ஊர்ப் பணத்தை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போகாத ஆளைப் பிடிப்பது. அது பிடித்தது யாரை? உண்மையை எழுத நினைத்த ஒரு நோயாளிப் பெண்ணை. சோம்பேறி ஒரு யோசனையும் இல்லாமல் 'ஆமாம்' என்று எழுதியிருப்பான். எல்லாருக்கும் ஒரே கேள்வி என்பதால் அது நியாயம் ஆகிவிடாது.

பணம் குறைவு என்பதற்கு இப்போது நான் சொல்லும் பதில் இது: புதிய பிள்ளையின் தேவை உண்மைதான். ஆனால் பாதி வழியில் விடப்பட்ட படிப்புக்குக் கடன் மட்டும் மிஞ்சும், பட்டம் மிஞ்சாது. ஏற்கெனவே தொடங்கியதை முடிக்க உதவுவதும் ஒரு பிள்ளையைப் படிக்க வைப்பதுதான். எங்கே கோடு கிழிப்பது என்பது ஒவ்வொரு வருடமும் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தக் கஷ்டத்தைக் குழுவாக உட்கார்ந்து நாம் படவேண்டும். அவளே வெட்கப்பட்டு விலகி, நம் வேலையைச் சுலபமாக்கக் கூடாது.

இன்னொருவர் மெதுவாக, "அவ கர்மா அப்படி" என்றார். அவள் கர்மா என்னவென்று நமக்குத் தெரியாது. ஆனால் அவள் பாரத்தை நீட்டியபோது நான் என்ன செய்தேன் என்பது என் கர்மா. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தண்ணீர்மலைக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். எல்லாராலும் ஏற முடியாது. ஏற முடியாதவர்களுக்காகத்தான் சுவாமி தேரில் வீதிக்கு வருகிறார் என்று என் பாட்டி சொல்வார். பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து காலையில் கிளம்புகிற வெள்ளி ரதம், அர்ச்சனைக்கு நின்று நின்று, கெபுன் பூங்கா சாலைக்குப் போய்ச் சேர இரவாகிவிடும். ஏன் தாமதம் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

இந்த வருடம் பாரத்தை மாற்றிவிட்டோம். 'படிப்பை முடிக்க உங்களுக்கு எவ்வளவு காலம் தேவை, ஏன்?' என்று கேட்கிறோம். மருத்துவர் கடிதம் இருந்தால் போதும், அதைக் குழுவில் இருவர் மட்டும் பார்ப்பார்கள். மாதிரிக் காசோலையோடு மேடையில் படம் எடுப்பதையும் நிறுத்திவிட்டோம். கல்யாண வயதில் இருக்கிற பிள்ளையின் நோயை ஊருக்குக் காட்டிவிட்டுத் தருகிற பணம் தானம் ஆகாது. படம் என்பதும் பதிலுக்கு நாம் வாங்கிக்கொள்கிற ஒன்றுதான்.

புதுப் பாரத்தை எடுத்துக்கொண்டு நானே அவள் வீட்டுக்குப் போனேன். வாங்கிப் படித்தாள். "யோசிச்சு சொல்றேண்ணே" என்றாள். இன்னும் பதில் வரவில்லை. போன வருடம் நான் தடுத்திருந்தால் இந்த யோசனை அவளுக்குத் தேவைப்பட்டிருக்காது. உங்கள் கிளையிலும் ஒரு பாரம் இருக்கும், தம்பி தங்கைகளே. இன்று இரவு அதை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.